அவள் விழும் வீடியோக்கள்

ஜூன் 6

மாப்பிள்ளைக்கு,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை, அதனால் அது மறக்கவும் இல்லை. ஆனாலும் விசாரிக்கப் போவதில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் குரலைக் கேட்க என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

குட்டி லீவுக்கு இங்கே வந்திருந்தபோது ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் மாடிவீட்டுப் பெண்ணிடம் டேப்லெட் வாங்கிவந்து மடியில் வைத்திருந்தாள். உள்ளே உங்கள் குரல். எட்டிப் பார்த்தால் என் மகள். நீல பனியன், பின்னலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, நீங்கள் ஏறச் சொல்லிக்கொடுக்கிற கூடத்துச் சாய்ந்த சுவரில் பல்லி மாதிரி தொங்குகிறாள். சுவரில் திருகிவைத்த ஒரு பிடியில் இடது கையை வைக்கிறாள், விழுகிறாள். மறுபடி ஏறுகிறாள், அதே இடத்தில் விழுகிறாள்.

"அம்மா தப்பா ஏறுறாங்க பாட்டி" என்றாள் குட்டி.

"யாருடி சொன்னா?"

"அப்பாதான் சொல்றாரு. தப்புன்னா எப்படி இருக்கும்னு இவங்களைப் பாத்துத் தெரிஞ்சுக்கோங்கன்னு."

என் மகள் போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. குட்டிக்கு எட்டு வயது. அம்மாவின் முகமே பாதி மறந்திருக்கும். இனிமேல் அவளுக்கு அம்மா என்றால் தப்பாக ஏறுகிறவள், அவ்வளவுதானா?

முதன்முதலில் நீங்கள் எங்கள் வாசலில் வந்து நின்றபோது முதுகில் மெத்தை. மெத்தை விற்கிறவர் என்று நினைத்து "எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சாத்தினது சாத்தினபடியே இருந்திருக்கலாம். கயிறும் கட்டாமல் சுவரில் ஏறி மெத்தையில் விழுவதற்கு போல்டரிங் என்று ஒரு பெயர், அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார், அந்த வாத்தியாருக்கு என் பெண்.

என் மகள் விழுகிற வீடியோக்களையெல்லாம் எடுத்துவிடுங்கள். வேறு எதுவும் உங்களிடம் கேட்கவில்லை.

அத்தை


ஜூன் 15

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குட்டியிடம் பேசுகிறேன். அவள் அப்படி எடுத்துக்கொள்வாள் என்று நான் யோசிக்கவே இல்லை. அது என் கவனக்குறைவுதான்.

ஆனால் எடுக்கச் சொல்வதற்கு முன்னால் என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஆரம்பத்தில் நானே ஏறிக் காட்டித்தான் வீடியோ போட்டேன். எல்லோரும் பார்த்தார்கள், ஆகா என்றார்கள். மறுநாள் கூடத்துக்கு வந்து பழையபடியே ஏறினார்கள். கைதேர்ந்தவன் ஏறுவதைப் பார்த்தால் பார்க்கிறவனுக்குத் தானே ஏறிவிட்ட மாதிரி ஒரு திருப்தி வருகிறது, அவ்வளவுதான். எங்கே கஷ்டம் என்பது அவன் கண்ணில் படுவதே இல்லை. கைதேர்ந்தவன் அதை மறைத்துவிடுகிறான்.

அவள்தான் சொன்னாள், "என்னை வெச்சுப் போடுங்க. நான்தான் நல்லா விழுவேன்" என்று. சிரித்துக்கொண்டே சொன்னாள். காலையில், தான் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடை திறக்கும் முன் கூடத்துக்குப் போய், மூன்றுகால் ஸ்டாண்டில் போனை வைத்துத் தானே எடுத்துவந்து கொடுப்பாள். மாலையில் நான் அதன் மேல் பேசிப் பதிவு செய்வேன். அந்த வீடியோக்கள்தான் பலன் கொடுத்தன. "எனக்கும் இதே தப்பு, இப்போது சரியாகிவிட்டது" என்று எங்கெங்கிருந்தோ எழுதுகிறார்கள். இன்றும் எழுதுகிறார்கள்.

அது அவள் செய்த வேலை, அத்தை. அவமானம் இல்லை. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 27

மாப்பிள்ளைக்கு,

பலன் பலன் என்று எழுதியிருக்கிறீர்கள். முகம் தெரியாதவர்கள் எழுதுவதை வைத்துச் சொல்லும் பலன் எனக்கு எதற்கு? நானே போய்ப் பார்த்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பழைய கிடங்கு ஒன்றை இப்படி ஏறுகிற கூடமாக மாற்றியிருக்கிறார்கள். வாசலில் இருந்த பையன் "யாரைத் தேடறீங்கம்மா?" என்றான். "ஏறத்தான் வந்தேன்" என்றேன். அவன் பயந்துபோய் நாற்காலி போட்டான். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் சொல்வது பாதி சரி. பிள்ளைகள் ஒரு தடவை ஏறுகிறார்கள், விழுகிறார்கள், உடனே போனை எடுத்து உங்களைப் பார்க்கிறார்கள். என் மகளும் அதில் இருக்கிறாள். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுகிறார்கள், ஏறுகிறார்கள், விழுகிறார்கள்.

ஒட்ட முடிவெட்டிய பெண் ஒருத்தி தண்ணீர் குடிக்க என் பக்கம் வந்தாள். "இதைப் பாத்து ஏதாவது வருதாம்மா?" என்று கேட்டேன்.

"பாக்கும்போது எல்லாம் புரியுது பாட்டி. சுவத்துல கை வெச்சா எல்லாம் போயிடுது."

"அப்ப எதுக்குப் பாக்கறே?"

"விழுந்த பிறகு சும்மா உக்காந்திருக்க ஒரு மாதிரி இருக்கும்ல."

அவள் தோழன் மெத்தையில் மல்லாந்தபடியே சொன்னான், "எனக்குப் பலன் இருக்கு பாட்டி. அந்த அக்கா விழறதைப் பாத்தா, நாம பரவால்லப்பான்னு இருக்கும்."

அவன் நல்ல பையன்தான். அந்த நாற்காலியை எனக்காக மின்விசிறிக்குக் கீழே நகர்த்திப் போட்டவன் அவன்தான். அந்த அக்கா யார் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பான். எனக்கு அவனைத் தேற்றத் தெம்பில்லை.

இதுதானே நீங்கள் சொன்ன பலன்? நாலு பேர் தங்களைப் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்ள என் மகள் தினமும் விழ வேண்டும்.

கடைசி நாள் மத்தியானம் "வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள் அத்தை, நான் இருக்கிறேன்" என்று என்னை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினீர்கள். ஈரத் தலையோடு திரும்பி வந்தேன். முடிந்திருந்தது. அப்போதும் நல்லெண்ணத்தில்தான் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் நல்லெண்ணம் எனக்கு எப்போதும் ஒத்துக்கொண்டதில்லை.

அத்தை


ஜூலை 9

அத்தைக்கு,

அந்த மத்தியானத்தைப் பற்றி நான் எழுதினால் வாதாடுவது போல ஆகிவிடும். எழுதவில்லை.

நீங்கள் கிடங்கில் போய் உட்கார்ந்ததைப் படித்ததிலிருந்து எனக்கும் நிலைகொள்ளவில்லை. நம் கூடத்துக்கு வருகிறவர்களிடம் நேரில் கேட்டேன். வாத்தியார் கேட்டால் என்ன சொல்வார்கள்? "ரொம்ப உதவுது சார்" என்றார்கள். அதனால் கேட்பதை விட்டுவிட்டு, பிடிகளைத் திருகி மாற்றுகிற சாக்கில் ஏணி மேல் நின்று அவர்கள் ஏறுவதையே பார்த்தேன்.

தேறியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் கூட ஓர் ஆள் இருக்கிறார். தோழியோ, அண்ணனோ, கீழே நின்று "இடுப்பு வெளிய போகுது பாரு" என்று சொல்ல ஒருவர். வீடியோவை மட்டும் பார்க்கிறவர்கள் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். என்னை விடவும் நன்றாகவே பேசுகிறார்கள். ஏறுவதில் பெரிய மாற்றம் இல்லை. அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள், நான் அவர்களைப் பார்ப்பதில்லையே. இவ்வளவு வருஷம் இதையே தொழிலாக வைத்திருந்த எனக்கு ஏணியில் நின்று இதை ஒத்துக்கொள்ள எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குப் புரியும். உங்களுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கலாம்.

ஆக, பலன் என்று நான் சொன்ன காரணம் போய்விட்டது. எடுத்துவிட வேண்டியதுதான். ஆனாலும் என் கை போகவில்லை. போட்டோவில் அவள் அசையாமல் இருக்கிறாள். வீடியோவில் அசைகிறாள். இன்னும் சில நாள் கொடுங்கள்.

குட்டியிடம் "அம்மா வேணும்னேதான் தப்பா ஏறிக் காட்டினாங்க" என்று சொன்னேன். நம்பவில்லை. "வேணும்னு விழறவங்க அப்படி முகத்தை வெச்சுக்க மாட்டாங்க" என்றாள்.

மாப்பிள்ளை


ஜூலை 20

மாப்பிள்ளைக்கு,

எனக்குச் சந்தோஷமாக இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நாள் கேட்டீர்கள். அந்த நாளில் நான் சும்மா இருக்கவில்லை. மாடிவீட்டுப் பெண்ணை உட்காரவைத்து, என் மகள் இருக்கிற எல்லாவற்றையும் முதலிலிருந்து வரிசையாகப் போடச் சொன்னேன். உங்கள் குரலைச் சகித்துக்கொண்டு கேட்டேன்.

முதலில் வருகிறவற்றில் விழுந்தால் சிரிக்கிறாள். கால் வழுக்கி விழுகிறாள், எட்டாமல் விழுகிறாள். போகப் போக, எல்லாம் அந்த இடது கை. நீல பனியனில் இடது கை. சாம்பல் பனியனில் இடது கை. கடைசியில் இருக்கிறதில் சுவரில் ஏறி நின்றவுடனேயே திறந்துகொள்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? "தோளைத் தூக்குகிறார், அதனால்தான் விரல் திறக்கிறது. இது பலம் இல்லாததால் வருவதில்லை, அலட்சியத்தால் வருவது." சாமான் விளக்குகிற சத்தத்துக்கு நடுவில்கூட எனக்கு அந்த வரி கேட்கிறது இப்போது.

அது அலட்சியம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கடையில் அந்தப் பொடித் திருகாணிகளைக் கீழே போடுகிறாள் என்று முதலாளி சொன்னார். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றாள். அப்புறம்தான் டாக்டர் நரம்பில் வந்த நோய் என்றார். இடது கையில் ஆரம்பித்து, தோளுக்கு ஏறி, காலுக்கு இறங்கி, கடைசியில் மூச்சுக்கு வந்தது. ஒரு மயிரிழை இடுப்பு விலகினால் கண்டுபிடிக்கிற கண் உங்களுக்கு. அந்தக் கண்ணுக்கு எதிரில் நோய் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அதற்கும் பாடம் நடத்தியிருக்கிறீர்கள்.

யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான் தெரியவில்லை. அதற்காக உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தெரிந்த பிறகும் அந்த வரி ஏன் அங்கேயே இருக்கிறது?

நான் முன்னால் கேட்டதை மாற்றிக் கேட்கிறேன். அவளை எடுக்க வேண்டாம். உங்கள் பேச்சை எடுத்துவிடுங்கள். அவள் பாட்டுக்கு ஏறட்டும், விழட்டும். யாரும் அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம்.

அத்தை


ஆகஸ்ட் 4

அத்தைக்கு,

நீங்கள் சொன்னபடி செய்ய உட்கார்ந்தேன். அதில் ஒன்று நடந்துவிட்டது. உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

நான் வேலை செய்கிற முறையைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஏறுவதைப் பார்க்கும்போது சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். கூடத்தில் பாட்டு, கூச்சல், மெத்தையில் விழும் சத்தம், எல்லாம் கவனத்தைக் கலைக்கும். உடம்பு சொல்வதை மட்டும் பார் என்று என் வாத்தியார் பழக்கியது. நானும் என் மாணவர்களை அப்படித்தான் பழக்குகிறேன். அவள் காலையில் எடுத்துவந்து தருவதையும் சத்தமில்லாமல் பார்த்து, அதன் மேல் என் குரலைப் பதிவு செய்து, அடியில் கொஞ்சம் இசை போட்டு வெளியிடுவேன்.

இப்போது என் குரலையும் இசையையும் எடுத்ததும், அடியில் நான் அடைத்துவைத்திருந்த அவள் பதிவின் சத்தம் மேலே வந்தது. காலைநேரம், காலிக் கூடம். அவள் பேசியிருக்கிறாள்.

முழுவதும் பேசியிருக்கிறாள், அத்தை. தன் இடது கையோடு. ஆரம்பத்தில் விளையாட்டாக, "ஏய் சோம்பேறி, பிடிடா. அந்தாளு பாத்தா திட்டுவாரு." நீல பனியனில், "தோள் கீழதான் இருக்கு. நல்லாப் பாத்துட்டேன், கீழதான் இருக்கு. அப்புறம் ஏன் திறக்கற?" சாம்பல் பனியனில், "சொன்னா கேளு. அம்மா மாதிரி என்னைக் கத்த வெச்சுடாத." கடைசியில் இருப்பதில் ஏறியவுடனேயே விழுகிறாள். மெத்தையில் உட்கார்ந்து, கையைப் பிடித்துப் பார்த்து, "சரி போ. நாளைக்குப் பாக்கலாம்" என்கிறாள்.

அந்த நீல பனியனை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவள் சொல்வது சரி. தோள் கீழேதான் இருக்கிறது. விரல் திறந்த பிறகுதான் தோள் உயர்கிறது. நான் தலைகீழாகப் பார்த்திருக்கிறேன். விரல் திறப்பதற்குக் காரணத்தைத் தேடினேன், தோள் கிடைத்தது, பிடித்துக்கொண்டேன். அந்தப் பாடத்தைப் பார்த்து எத்தனையோ பேர் இல்லாத தப்பைத் திருத்திக்கொண்டு, தேறிவிட்டோம் என்று எனக்கு நன்றி எழுதியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கேட்க வேண்டாம் என்று தோன்றினால் அப்படியே வைத்துவிடுங்கள்.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 16

மாப்பிள்ளைக்கு,

கேட்டேன். மாடிவீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகத்தான் கேட்டேன். நிறுத்துவது எப்படி என்று எனக்குத் தெரியாது, அதனால் அது தானாக முதலிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது. நானும் விட்டுவிட்டேன்.

"அம்மா மாதிரி கத்த வெச்சுடாத" என்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னை மாதிரியேதான் கத்துகிறாள். "கேளு" என்பதை என்னைப் போலவே இழுக்கிறாள். கத்திக் கத்தி வளர்த்தது இதில் வந்து நிற்கிறது.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று உங்களுக்கு விளக்கி எழுத வேண்டியதில்லை.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நோய் என்று தெரியவில்லை, ஆனால் தான் சரியாகத்தான் வைக்கிறோம் என்று தெரிந்திருக்கிறது. சாயங்காலம் நீங்கள் தப்பு என்று சொல்கிறீர்கள். நீங்கள் வாத்தியார். அவள் உங்களை நம்பிவிட்டுத் தன் கையைத் திட்டியிருக்கிறாள்.

வீடியோவை என்ன செய்வது என்று இனிமேல் நான் சொல்ல மாட்டேன். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். டாக்டர் சொன்ன பிறகு அவள் நெடுநாள் இருந்தாள். படுக்கையில் இருந்தாலும் காது நன்றாகக் கேட்டது, புத்தி தெளிவாக இருந்தது. அவளிடம் சொன்னீர்களா? அது உன் தப்பில்லை, நீ சரியாகத்தான் ஏறினாய் என்று ஒரு வார்த்தை?

சொன்னீர்கள் என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். பழசு எதையும் இனி எடுக்க மாட்டேன். நான் அப்படி எழுதிக்கொடுப்பது இதுதான் முதல் தடவை.

அத்தை


ஆகஸ்ட் 30

அத்தைக்கு,

முதலில் செய்தவற்றை எழுதுகிறேன், அவை எழுதச் சுலபம்.

அவளை வைத்து நான் பேசிய வீடியோக்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவள் பேச்சோடு இருப்பதை வெளியில் போடவில்லை, அது நம் மூன்று பேருக்கு மட்டும். புதிதாக ஒன்று போட்டிருக்கிறேன். அதில் நான் மட்டும் உட்கார்ந்து, அந்தத் தோள் பாடம் தவறு, அவர் செய்தது சரி, அவர் கையில் நோய் இருந்தது, நான் பார்க்கத் தவறினேன் என்று சொன்னேன். அந்த வீடியோவுக்குக் கீழே வந்து, "இருந்தாலும் சார், அந்தப் பாடத்தால் எனக்கு நல்ல முன்னேற்றம்" என்று எழுதுகிறார்கள்.

குட்டியிடமும் சொன்னேன். "அம்மா சரியாத்தான் ஏறினாங்க. அப்பாதான் தப்பாப் பாத்துட்டேன்" என்று. அவள் அன்று சாப்பிடும்போது என் பக்கத்தில் உட்காரவில்லை. மறுநாள் உட்கார்ந்தாள்.

இனி நீங்கள் கேட்டது.

சொல்லவில்லை. டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் சுவர் என்கிற பேச்சையே எடுக்கக் கூடாது என்று நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். அவளுக்கு ஏக்கமாகிவிடும் என்று. மறந்துவிட்டேன் என்று உங்களிடம் எழுதலாம், ஆனால் மறக்கவில்லை. ஏனென்றால் அவள் கேட்டாள்.

கை இரண்டும் போன பிறகு. நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். "அப்ப அந்தச் சாய்ஞ்ச சுவத்துல நான் விழுந்தது எல்லாம் இதனாலதானா?" என்று கேட்டாள். குரலில் அழுகை இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றேன்.

அவள் திரும்பக் கேட்கவில்லை. நான் வாரி முடித்தேன்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 11

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். திட்டி எழுத வேண்டியதெல்லாம் மனசில் வரிசையாக நின்றது. எழுதப் போனால் ஒன்றும் வரவில்லை. நீங்கள் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அது வராது.

அடுத்த லீவுக்குக் குட்டியை நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள். போன தடவை அவளைக் கூட்டிவந்த உங்கள் தம்பி வேகமாக வண்டி ஓட்டுகிறார்.

இரண்டு நாளாக ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறேன். சாமான் விளக்கும்போது, மாடிப்படி ஏறும்போது, யாரும் பக்கத்தில் இல்லாதபோது, அவள் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டது உங்களிடம்தான். இருந்தாலும் கேட்ட பிள்ளைக்கு யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டுமே.

ஆமாம்டி கண்ணு, அதனாலதான். நீ சரியாத்தான் வெச்சே.

அத்தை